ராஜேந்திரன் என்ற பெயர் எங்கள் லயத்துக்கு எப்படி வந்தது?

கொளப்பள்ளி ராஜேந்திரன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பந்தலூர் தாலுக்கா, கொளப்பள்ளிப் பக்கம் இருக்கிறேன். 63 வயது. தேயிலைத் தோட்டத்தில் 37 வருசம் வேலை பார்த்தேன். (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு.) கடைசி 14 வருசம் காலையில் ஆள் கூப்பிட்டு செக்ரோல், அதாவது வருகைப் பதிவேடு, எழுதினேன். இலங்கையில் அதைப் பெரட்டு என்போம், இங்கே மஸ்டர்.

கேள்வி என் பேத்தியுடையது. ஏழாவது படிக்கிறாள். 2025 ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா எடுத்து, ராஜேந்திர சோழன் பெயரில் நினைவு நாணயம் வெளியிட்டார்கள் அல்லவா, அதை டிவியில் பார்த்துக்கொண்டே இருந்தவள் திரும்பி, "தாத்தா, உனக்கு இந்த ராஜா பேரைத்தான் வச்சாங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். பிள்ளை நாளைக்கு வகுப்பில் போய்ச் சொல்லும். எனக்கே தெரியாததை அவள் தலையில் ஏற்றக் கூடாது.

அன்று ராத்திரி முழுக்க இதே யோசனை. நான் எழுதிய ஒரு டிவிசன் செக்ரோலில் மட்டும் ஆறு ராஜேந்திரன். கவாத்து ராஜேந்திரன், பேக்டரி ராஜேந்திரன், மருந்தடிக்கிற ராஜேந்திரன், மேல்லயத்து ராஜேந்திரன், மண்டபம் முகாமில் பிறந்ததால் மண்டபம் ராஜேந்திரன், ஆறாவது நான். சம்பளத்தன்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஆறு பேரும் எழுந்து வருவோம்.

ஆனால் எங்கள் வீட்டில் எனக்கு முந்தி அந்தப் பெயர் கிடையாது. தாத்தா கருப்பன். அப்பா சின்னக்கருப்பன். சித்தப்பாமார் மூக்கன், பிச்சை. (முந்திப் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால் அடுத்ததற்கு மூக்குக் குத்தி மூக்கன், மடிப்பிச்சை கேட்டுப் பிச்சை என்று வைப்பார்கள். பாட்டிக்கு அப்படி மூன்று போனது.) அத்தைமார் மாரியாயி, வீராயி. அந்த வரிசையில் அடுத்ததாக ராஜேந்திரன். இடையில் என்ன நடந்தது?

இன்னொன்று. நான் பிறந்தது 1962இல், அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். மலையகத் தமிழரில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று பிரித்த 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பத்துக்கு இந்தியா என்று ஆகி, 1974இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம், அங்கிருந்து இந்த மலை. அந்த நாட்டில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். சரித்திரப் புத்தகத்தில் சோழர் என்றால் அனுராதபுரத்தை அழித்தவர்கள். மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், அவன் சோழ நாட்டிலேயே செத்தான். முதலாம் விஜயபாகு 1070இல் அவர்களைத் துரத்தினான் என்று வரும் பாடத்தில் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அந்த மகிந்தனைப் பிடித்தது ராஜேந்திரன் காலத்தில்தான். அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு அப்பா எனக்கு இந்தப் பெயரை வைத்தார் என்றால், தெரிந்து வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா?

அப்பா 1991இல் போய்விட்டார். அம்மா அதற்கு முன்னாலேயே.

பெயர் என்பது எங்களுக்குச் சின்ன விசயம் இல்லை. இலங்கைத் தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கே "பேர்" என்றுதான் பெயர். கொழுந்து எடை நிறைந்தால் ஒரு பேர். குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப் பேர் போடுவார். "இன்னிக்கு எனக்குப் பேர் வெட்டிட்டாங்க" என்று அம்மா அழுதுகொண்டு வந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. என் பெயரும் எனக்குச் செலவு வைத்தது. இலங்கைக் காகிதத்தில் ராஜேந்திரம் என்று இருக்கிறது. இங்கே எல்லாக் காகிதத்திலும் ராஜேந்திரன். அந்த ஒரு 'ம்' காரணமாக ஓய்வுப் பணத்துக்கு ஒரு அலுவலகத்தில் 11 மாதம் அலைந்தேன்.

சரித்திரம் படித்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் ஆறு பேர் பெயரும் அந்தச் சோழன் வழி வந்ததுதானா?

பண்ணைக்காட்டு வாத்தியார்:

தம்பி ராஜேந்திரனுக்கு வணக்கம். 29 வருசம் சரித்திரம் நடத்தியவன் நான். இப்போது கீழ்ப்பழனி மலையில் காப்பி, மிளகு, கொஞ்சம் மலைவாழை. பேத்தியிடம் அவசரப்பட்டுப் பதில் சொல்லாதது ரொம்பச் சரி.

முதல் செய்தி, ராஜேந்திரன் என்பது அந்தச் சோழனுக்கே பிறந்தபோது வைத்த பெயர் இல்லை. அவன் பெயர் மதுராந்தகன். அப்பன் ராஜராஜனுக்கும் இயற்பெயர் அருமொழி. 1012இல் இளவரசுப் பட்டம் கட்டியபோது ஏற்றதுதான் ராஜேந்திரன். ராஜர்களுக்குள் இந்திரன் என்று பொருள். ஆக அது பட்டம். தனியாக ஆண்டது 1014 முதல் 1044 வரை. அவன் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அரசன் புகழைச் சொல்லும் பாட்டு, "திருமன்னி வளர" என்று தொடங்கும். அதில் "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று வரும் இடத்தை நடத்தும்போது கடைசி பெஞ்சுப் பையனும் தலை தூக்குவான்.

அவனுக்குப் பட்டங்கள் நிறைய. முடிகொண்டான், கங்கைகொண்டான், கடாரங்கொண்டான், பண்டித சோழன். இதில் நான் பல வருசமாகக் கவனித்த ஒன்று உண்டு. வெற்றியைச் சொல்லும் பட்டமெல்லாம் ஊருக்குப் போய் ஒட்டிக்கொண்டது. திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான், நன்னிலம் பக்கம் முடிகொண்டான், காவிரிப் படுகையில் கடாரங்கொண்டான். பிள்ளைக்குக் கடாரங்கொண்டான் என்று பெயர் வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை. மதுராந்தகன் என்றால் மதுரைக்கு எமன்; அதையும் இன்று யார் வைக்கிறார்கள்? யாரையும் வென்றதாகச் சொல்லாத ராஜேந்திரனும் ராஜராஜனும்தான் மனுசர் பெயராக நின்றது.

அவனே ஆசையாகப் பெயர் சூட்டியது நிலைக்கவில்லை என்பதையும் பாருங்கள். கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றி, "நீராலான வெற்றித்தூண்" என்று செப்பேட்டில் சொல்லும்படி ஓர் ஏரி வெட்டினான். சோழகங்கம் என்று பெயர். இன்று அது பொன்னேரி. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது அவன் கோயில் சுற்றுச்சுவர்க் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். அந்த ஊரே சிறுத்துப் போன பிறகும் பெயர் மட்டும் உங்கள் மஸ்டரில் ஆறு பேராக நிற்கிறது.

ஆனால் நேர்கோடு போட முடியாது. சோழர்களிலேயே இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன், கடைசியாக 1279 வரை மூன்றாம் ராஜேந்திரன் என்று பட்டம் ஓடியது. முதலாம் குலோத்துங்கனுக்கும் பழைய பெயர் ராஜேந்திரன்தான். அதற்குப் பிறகு நம் போன்ற குடியானவர் வீட்டில் குலசாமி பெயர்தான், கருப்பன், மாரி, வீரன். ராஜாப் பட்டத்தைப் பிள்ளைக்கு வைக்கும் துணிச்சல் ஏழைக்கு அன்று இல்லை, வைத்தாலும் மேலே இருப்பவன் கூப்பிட்டிருக்க மாட்டான். போன நூற்றாண்டில்தான் அந்தக் கதவு திறந்தது. அதிலும் நீங்கள் பிறந்த 1962 மே மாதம் வரை இந்தியாவின் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத். 1950 முதல் 12 வருசம் அந்தப் பெயர் ரேடியோவிலும் பத்திரிகையிலும் விழுந்துகொண்டே இருந்தது. உங்கள் வயதுக்காரர் பலருக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன், எனக்குப் பிடித்த விசயம். காப்பிக் களத்தில் மழை நாளில் சீட்டு ஆடுவோம். ஆட்டின் ராஜா, இதயம் போட்ட சீட்டு, தெரியுமல்லவா? பிரெஞ்சுக்காரர் சீட்டில் நான்கு ராஜாவுக்கும் பெயர் அச்சடித்திருக்கும். ஆட்டின் ராஜாவுக்குச் சார்ல் என்று போட்டிருப்பார்கள். அது சார்லமேன் என்ற பேரரசன். 800ஆம் வருசம் கிறிஸ்துமஸ் அன்று ரோமாபுரியில் போப்பாண்டவர் முடி சூட்டியவன், 814இல் ஆகன் நகரில் இறந்தான். ஜெர்மன் மொழியில் அவன் பெயர் கார்ல். பழைய ஜெர்மனில் கார்ல் என்றால் சும்மா ஆம்பளை, குடியானவன், அவ்வளவுதான். அந்தச் சாதாரணப் பெயர் அவனால் எங்கே போயிற்று பாருங்கள். போலந்துக்காரன் ராஜாவுக்குச் சொல்லும் சொல் குரூல். செக் மொழியில் க்ரால். ரஷ்யனில் கரோல். ஹங்கேரியில் கிராய். துருக்கியில் க்ரால். எல்லாம் கார்ல் என்ற ஒரு மனுசன் பெயர்! பக்கத்து நாட்டுக்காரர்களுக்கு ராஜா என்றால் கார்ல், கார்ல் என்றால் ராஜா என்று ஆகிவிட்டது. 1950 முதல் ஆகன் நகரம் ஐரோப்பிய ஒற்றுமைக்குப் பாடுபடுகிறவர்களுக்கு அவன் பெயரில் பரிசு கொடுக்கிறது.

அங்கே குடியானவன் பெயர் ஏறிப்போய் ராஜா என்ற சொல்லானது. நம்மிடம் ராஜாவின் பட்டம் இறங்கி வந்து கவாத்துக்காரர் பெயரானது. வகுப்பில் 29 வருசமும் இதைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஆறு ராஜேந்திரன் மாதிரி ஓர் உதாரணம் அப்போது என் கையில் இருந்ததில்லை.

கட்டபெட்டு மாதன்:

வாத்தியார் ஐயா, அருமை. ராஜேந்திரன் அண்ணா, நம் நீலகிரிக்கே இப்படி ஒரு பெயர்க் கதை உண்டு.

இந்த மலைக்குப் பழைய எழுத்துச் சான்று ஒரு போசளக் கல்வெட்டு. 1117இல் எழுதியது, சாமராஜநகரில் இருக்கிறது. விஷ்ணுவர்த்தனன் என்ற அரசனின் தளபதி புணிசன் தோதவரை (தோடர்களை) அச்சுறுத்தி, நீலமலையைப் பிடித்தான் என்று சொல்கிறது. அந்த விஷ்ணுவர்த்தனனுக்கும் முதல் பெயர் அது இல்லை, பிட்டிதேவன். ராமானுஜரிடம் வந்த பிறகு இந்தப் பெயர் என்று வழக்கு. பின்னால் வந்த போசளத் தண்டநாயகர்கள் நீலகிரியை அடக்கியவர் என்ற பட்டமே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கோட்டை பவானிசாகர் அணைக்குள் போய்விட்டது. தண்ணீர் நன்றாக இறங்கும் வருசம் பழைய கோயில் தலை தெரியும். நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், சேற்றில் நடந்து போய்.

கூடலூர் தாண்டி குண்டுலுபேட்டை, சாமராஜநகர் பக்கம் போனால் ஆட்டோவில், டீக்கடையில் விஷ்ணுவர்த்தன் படம் ஒட்டியிருக்கும். அது அரசன் இல்லை, கன்னட நடிகர். அவருக்கும் வீட்டில் வைத்த பெயர் சம்பத்குமார். சினிமாவுக்கு வந்தபோதுதான் விஷ்ணுவர்த்தன். பிட்டிதேவன் எடுத்துக்கொண்ட பெயரையே சம்பத்குமாரும் எடுத்துக்கொண்டார். இன்று அங்கே விஷ்ணு என்று பையனுக்குப் பெயர் வைக்கும் வீட்டில் கேட்டால் நடிகரைத்தான் காட்டுவார்கள். பிள்ளைக்குப் பெயர் வருவது நமக்குப் பிடித்த, நாம் பார்த்த ஒரு மனிதனிடமிருந்து. அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் தோண்டுவதில்லை.

அண்ணா, உங்கள் அப்பா யாரைப் பார்த்து வைத்தார் என்று கேளுங்கள். வயதானவர்கள் யாராவது இருப்பார்களே.

சேரம்பாடிப் பையன், கோலாலம்பூர்:

மாமா, நான் சேரம்பாடி. எங்க தாத்தாவும் உங்களை மாதிரி மண்டபம் வழியா வந்தவர்தான். இப்ப மலேசியாவில் ஓட்டல் வேலை, நாலு வருசம் ஆச்சு.

இங்க மோனோரயில்ல ராஜா சூலான்னு ஒரு ஸ்டேசன் இருக்கு. அந்த ரோட்டுக்கும் அதே பேர். முதல் தடவை அறிவிப்பில் கேட்டப்ப "ராஜ சோழன்"னுதான் என் காதில் விழுந்தது. திடுக்குன்னு இருந்தது மாமா. கூட வேலை செய்யிற மலாய்க்கார அண்ணன்கிட்ட கேட்டேன். அது பேராக் அரச குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர் பேரு, வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தவர்னு சொன்னார். சரி, நம்மாளு இல்லை போலன்னு விட்டுட்டேன்.

அப்புறம் லைப்ரரியில் படிச்சேன். செஜாரா மெலாயுன்னு மலாய் அரச வம்சத்தைப் பத்தின பழைய கதை நூல் இருக்கு. அதில் ராஜா சூலான், ராஜா சூரான்னு இந்தியாவிலிருந்து படை எடுத்து வந்த பெரிய ராஜாக்கள் வர்றாங்க. ராஜா சூரான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்து கடலுக்கு அடியில் இறங்கி, அங்க இருந்த ராஜா மகளைக் கல்யாணம் பண்ணிக்கிறார். அந்த வழியில் வந்தவங்கதான் தங்களோட ராஜாக்கள்னு கதை சொல்லுது. அந்தச் சூலான் சோழன்தான்னு ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. 1025இல் ராஜேந்திரன் கப்பல் வந்தது கடாரத்துக்கு, இங்க அது கெடா மாநிலம். படை எடுத்து வந்தவனைத் தன் பாட்டனாக்கிப் பேரும் வச்சுக்கிட்டாங்க.

நீங்க இலங்கைப் பள்ளிக்கூடத்தில் படிச்சதைச் சொன்னீங்க. அங்க துரத்தினாங்க, இங்க சொந்தமாக்கிட்டாங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப அந்த ஸ்டேசன் பேரைக் கேட்டா ஊர் ஞாபகம் வருது மாமா, ஏன்னு தெரியலை.

தேவாலா வாசகி:

ராஜேந்திரன் அண்ணா, உங்கள் பதிவில் அம்மா அரைப் பேருக்கு அழுத இடத்தில் நானும் நின்றுவிட்டேன். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்.

எல்லோரும் ஆண் பெயரையே பேசுகிறீர்கள். ராஜேந்திரன் பெயர் ஆறு பேருக்கு இருக்கிறது, அவன் வீட்டுப் பெண்கள் பெயர் யாருக்காவது இருக்கிறதா? ராஜராஜனைத் தூக்கி வளர்த்த செம்பியன் மாதேவி எத்தனை செங்கல் கோயிலைக் கற்கோயில் ஆக்கினார்! நாகப்பட்டினம் பக்கம் ஓர் ஊர் அவர் பெயரில் இருக்கிறது. பொலன்னறுவையில் வானவன்மாதேவீச்சரம் என்று ஒரு சிவன் கோயில் இன்னும் நிற்கிறது, அதுவும் சோழ அரசியின் பெயர்தான். எங்கள் லயத்தில் வானவன்மாதேவி என்று ஒரு பிள்ளை கிடையாது.

திருவாரூர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. ராஜேந்திரனுக்குப் பரவை நங்கை என்று ஒருத்தி, அணுக்கியார் என்று எழுதியிருக்கிறார்கள், நெருக்கமானவர் என்று அர்த்தம். அவர்தான் அந்தக் கோயிலில் பொன்னும் செம்பும் வேய்வதற்கு வாரிக் கொடுத்தவர். அரசனும் அவரும் சேர்ந்து நின்று சாமி கும்பிட்ட இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்ததாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கங்கை, கடாரம் எல்லாவற்றையும்விட எனக்கு அந்த விளக்குத்தான் பெரிது. ரெண்டு பேர் நின்ற இடத்தை ஞாபகம் வைக்க ஒரு விளக்கு.

உங்கள் பேத்தியிடம் ராஜேந்திரனைச் சொல்லும்போது பரவை பெயரையும் சொல்லுங்கள் அண்ணா. பெண் குழந்தை, அவள் கேட்டுக்கொள்ளட்டும்.

கொளப்பள்ளி ராஜேந்திரன்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதைப் பேத்தி சத்தமாக வாசித்தாள், நானும் மருமகளும் கேட்டோம். குரூல், க்ரால், கிராய் என்று வீட்டுக்குள் சொல்லிக்கொண்டே திரிகிறாள். பரவை நங்கை விளக்கையும் சொன்னேன் தங்கச்சி. திருவாரூருக்குக் கூட்டிப் போகச் சொல்கிறாள்.

மாதன் சொன்னதைக் கேட்டு வீராயி அத்தையிடம் போனேன். கோத்தகிரிக்குக் கீழே மகள் வீட்டில் இருக்கிறார். வயது 84. கண் சரியாகத் தெரியாது, நினைவு கூர்மை. காலையில் பஸ் ஏறி, ஊட்டியில் மாறி, மதியம் போய்ச் சேர்ந்தேன். (அந்தக் காலத்தில் இந்த ரோட்டில் ஓடியது சேரன் பஸ். தஞ்சாவூர்ப் பக்கம் சோழன், மதுரையில் பாண்டியன். 1997இல் எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். அத்தை இன்னும் சேரன் என்றுதான் சொல்கிறார்.)

"அத்தை, எனக்கு ஏன் ராஜேந்திரன்னு பேர் வச்சாங்க? சோழ ராஜா பேரா?" என்றேன்.

"எந்த ராஜா? வாத்தியார் பேருடா அது" என்றார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணப் பக்கத்து வாத்தியார் ஒருவர் இருந்தாராம். பெயர் ராஜேந்திரம். பகலில் பிள்ளைகளுக்கு, ராத்திரியில் லயத்து வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாராம். நாலைந்து பேர்தான் வருவார்கள். அப்பா ஒரு நாள் தவறாமல் போவாராம், மழை கொட்டினாலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு. அப்பாவுக்குத் தன் பெயர் எழுத வந்தது அங்கேதான். பிறகு எண். எண் வந்த மறுவாரம் செக்ரோலில் தனக்கும் அம்மாவுக்கும் எத்தனை பேர் போட்டிருக்கிறது என்று எட்டிப் பார்த்து எண்ணியிருக்கிறார். ரெண்டு நாள் அரைப் பேராகக் கிடந்தது, எடை நிறைந்த நாள். கணக்கப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார். சத்தம் போடவில்லையாம், தேதியை மட்டும் சொன்னாராம். அந்த மாதம் திருத்திக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் நான் பிறந்தேன்.

பதிவு எழுதும்போது கணக்கப்பிள்ளை, "ராசுன்னு போட்டுக்கிறேன், போதும்" என்றாராம். அப்பா, "அப்படியே முழுசா எழுதுங்க ஐயா" என்று நின்றிருக்கிறார். மூன்று நாள் தொடர்ந்து ஆபீஸ் வாசலில் போய் நின்றுதான் முழுப் பெயரும் ஏறியது. வாத்தியார் பெயர் எப்படியோ அப்படியே, கடைசி 'ம்' உட்பட. மண்டபத்தில் இறங்கியபோது நம் பக்கத்து வழக்கப்படி ஒருவர் 'ன்' போட்டு எழுதினார், அது அப்படியே நின்றுவிட்டது.

அந்த வாத்தியாருக்கு யார் வைத்தார்கள், சோழனை நினைத்தா, சாமியை நினைத்தா, அத்தைக்குத் தெரியாது. கேட்க ஆளும் இல்லை. வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி 1012இல் ஒரு பட்டமாகத் தொடங்கியது எந்தெந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு அவரிடம் வந்ததோ. என்னிடம் வந்தது விளக்கு வெளிச்சத்தில்.

தம்பி, கோலாலம்பூரில் இருக்கிறவனே, அந்த ஸ்டேசன் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து இங்கே போடு. பேத்தி கேட்கிறாள்.

அந்த 'ம்' இருக்கிற இலங்கைக் காகிதம் டிரங்குப் பெட்டியில் அடியில் கிடக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது. நேற்று எடுத்து, கண்ணாடிச் சட்டம் போடக் கூடலூருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.